சுவரும் பந்தும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல் என்னும் சுவர் உறுதியாக நின்றால்தான் கல்வி, கலை, தொழில் என்னும் சித்திரங்களை அதன்மேல் தீட்ட முடியும். இப்பழமொழியைச் சொல்லிவைத்த முன்னோர், உண்மையான சுவரையே துணையாகக் கொண்டு உடலைப் பேணும் விளையாட்டு ஒன்று தோன்றும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அத்தகைய விளையாட்டு அமெரிக்க நாட்டில் தோன்றியது. ராக்கெட்பால் என்பது அதன் பெயர். வானில் பாயும் ராக்கெட்டுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. நரம்பு கட்டிய மட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே இங்கே பந்தோடு சேர்ந்திருக்கிறது. இவ்விளையாட்டு உடலுக்கு என்ன நன்மை செய்கிறது, அதை எவ்வாறு செய்கிறது, எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்னும் மூன்றையும் மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒய். எம். சி. ஏ. கூடத்தில், 1950ஆம் ஆண்டில், ஜோ சோபெக் என்பவர் இவ்விளையாட்டை வகுத்தார். அவர் டென்னிசையும், வெறுங்கையால் பந்தைச் சுவரில் அடிக்கும் ஹேண்ட்பாலையும் நன்கு அறிந்தவர். கற்பதற்கு எளிதாகவும் ஆடுவதற்கு விரைவாகவும் ஒரு விளையாட்டு வேண்டும் என்பது அவருடைய எண்ணம். குட்டையான மட்டை ஒன்றுக்கு நரம்பு கட்டினார். பழைய விளையாட்டுகளின் விதிகளிலிருந்து ஏற்றனவற்றைத் தொகுத்தார். ஆடுகளத்துக்காக அவர் புதிய கட்டடம் எழுப்பவில்லை. நாடெங்கும் முன்னரே கட்டப்பட்டிருந்த ஹேண்ட்பால் கூடங்களே போதுமானவையாக இருந்தன. ராக்கெட்பால் என்னும் பெயர் பின்னர் வந்தது. 1970களில் அமெரிக்காவில் அது பெருவழக்காகப் பரவியது.

ஆடுகளம் ஓர் அறை. அதன் நீளம் 40 அடி, அகலம் 20 அடி, உயரம் 20 அடி. பந்து உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர்ப் பந்து. அதன் விட்டம் இரண்டேகால் அங்குலம், எடை ஏறத்தாழ 40 கிராம். மட்டை 22 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. ஒருவர் அடித்த பந்து, தரையைத் தொடுமுன் முன்சுவரைச் சென்று தொடவேண்டும். போகும் வழியில் பக்கச் சுவரில் படலாம், பின்சுவரில் படலாம், மேற்கூரையிலும் படலாம். திரும்பிவரும் பந்து தரையில் இரண்டாம் முறை எழும்புவதற்குள் எதிரி அதை அடித்துவிட வேண்டும். விளையாட்டின் சாரம் இவ்வளவே.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். டென்னிஸ் பழகப் புதிதாகச் செல்பவன், ஆடும் நேரத்தைவிடப் பந்து பொறுக்கும் நேரம் மிகுதியாக இருப்பதைக் காண்பான். வலையில் சிக்கியும் வேலியைத் தாண்டியும் பந்து ஓடிவிடும். சுவர் சூழ்ந்த அறையிலோ பந்துக்குத் தப்பிச் செல்ல வழியில்லை. கோணல்மாணலாக அடித்தாலும் அது ஏதேனும் ஒரு சுவரில் மோதித் திரும்பிவரும். மீண்டும் அடி என்று அழைக்கும். ஆகையால் திறமை வருவதற்கு முன்பே பயிற்சி வந்துவிடுகிறது. கற்றுக்குட்டியும் முதல் நாளிலேயே வியர்வை சிந்துகிறான். அன்றியும், சுவர் நடுவுநிலைமை தவறாதது. மெல்ல அடித்தால் மெல்லத் தரும். வலுவாக அடித்தால் வலுவாகத் தரும். அவரவர் ஆற்றலுக்கு ஏற்ற அளவில் அவரவர்க்கு உழைப்பு வாய்க்கிறது. இவ்விளையாட்டின் ஆரோக்கியப் பயனுக்கு இதுவே அடிப்படை என்பது என் கருத்து.

இனி, உடலுக்குள் நிகழ்வது என்ன என்று பார்ப்போம். ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடக்கும் போராட்டம் பெரும்பாலும் சில வினாடிகளே நீடிக்கும். அந்தச் சில வினாடிகளில் குனிதல், பாய்தல், திரும்புதல், வீசுதல் எல்லாம் நடந்தாக வேண்டும். தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் கொஞ்சம் இருப்பில் இருக்கிறது. அது மடியில் முடிந்துவைத்த சில்லறையைப் போன்றது. முழு வேகத்தில் உழைத்தால் சுமார் 10 வினாடிகளில் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பின்பு தசை தன்னிடம் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்தை உடைத்துச் சமாளிக்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே மூச்சு வாங்குகிறோமே, அப்போது உள்ளே வரும் பிராணவாயுவே மடிச்சில்லறையை மீண்டும் நிரப்புகிறது. செலவும் வரவும் இவ்வாறு மாறிமாறி நடப்பதால், விரைந்து பாயும் ஆற்றலும் நெடுநேரம் தாங்கும் ஆற்றலும் ஒருங்கே வளர்கின்றன.

இந்தப் பிராணவாயுவைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பது இதயம். நாம் ஓய்ந்திருக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. உடல்நலமுள்ள இளைஞன் ஒருவன் கடுமையாக உழைக்கும்போது அது 20 லிட்டர் அளவுக்கு உயர்கிறது. அடிக்கடி இவ்வாறு பழக்கப்பட்ட இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றக் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஓய்வு வேளையில் குறைவாகத் துடித்தாலும் போதுமானதாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை துடித்த இதயம், மாதக்கணக்கான பயிற்சியால் 60 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் மிச்சமாகும் துடிப்புகள் 14,400. நாள்தோறும் ஒரு மணி நேரம் நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும்படி ஆடினால் கூடுதலாகச் செலவாகும் துடிப்புகள் 5,400. செலவு போக மிச்சம் 9,000. கொடுத்ததைவிட மிகுதியாகத் திரும்பப் பெறும் சிக்கனம் இது அல்லவா?

உணவின் கணக்கும் உண்டு. வெறுமனே உட்கார்ந்திருப்பவர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவிடுகிறார். ராக்கெட்பாலைச் சாதாரணமாக ஆடினால் அது 7 ஆகிறது. போட்டி மனப்பான்மையோடு ஆடினால் 10 ஆகிறது. 60 கிலோ எடையுள்ள மாணவன் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆடினால் சுமார் 420 கிலோ கலோரி செலவாகும். ஆயினும், ஆடி முடித்தவுடன் பலகாரக் கடையில் நுழைந்து இரட்டிப்பாக உண்பவருக்கு இக்கணக்கு உதவாது.

எலும்பைப் பற்றி மாணவர்கள் அதிகம் நினைப்பதில்லை. எலும்பு கல்லைப் போல் உயிரற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். அஃது உயிருள்ள பொருள். எந்த இடத்தில் அதிர்ச்சியும் பளுவும் விழுகின்றனவோ அந்த இடத்தில் அது தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. டென்னிசும் ஸ்குவாஷும் ஆடும் பெண்களைப் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1995ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்குவாஷ் என்பதும் சுவரில் பந்தடிக்கும் விளையாட்டே. மட்டை பிடிக்கும் கையின் எலும்பில், மற்றக் கையின் எலும்பைவிடத் தாதுப் பொருள் மிகுந்திருந்தது. பூப்பெய்தும் பருவத்திலோ அதற்கு முன்போ ஆடத் தொடங்கியவர்களிடம் இவ்வேறுபாடு, அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியவர்களிடம் இருந்ததைக் காட்டிலும் 2 முதல் 4 மடங்கு வரை பெரிதாக இருந்தது. விளையாட்டு ஒன்றே, கையும் ஒன்றே, பருவம் மட்டுமே வேறு. எலும்பில் சேமிப்பதற்கு இயற்கை நமக்குத் தந்திருக்கும் காலம் இளமைக் காலம். முதுமையில் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடத்தான் முடியும்.

கண்ணும் மூளையும் கூட இங்கே பயிற்சி பெறுகின்றன. கண் கண்ட ஒன்றுக்குக் கை அசைவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கும் பந்து மணிக்கு 150 மைல் வேகத்தையும் எட்டக்கூடும். பந்து வந்தபின் ஓடுவேன் என்பவனுக்குப் பந்து கிட்டாது. எந்தக் கோணத்தில் சுவரைத் தொடும், எந்தக் கோணத்தில் திரும்பும் என்று முன்னரே கணித்து அங்கே போய் நிற்பவனுக்கே கிட்டும். வடிவகணித வகுப்பில் சலிப்பூட்டிய கோணங்கள் இங்கே உயிர்பெற்று ஓடிவருகின்றன.

மட்டை விளையாட்டுகள் ஆயுளைக் கூட்டுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் 80,306 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. டென்னிஸ், இறகுப்பந்து, ஸ்குவாஷ் முதலியன ஆடியவர்களிடையே, ஆடாதவர்களைவிட மரண விகிதம் 47 சதவிகிதம் குறைவாகவும், இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் 56 சதவிகிதம் குறைவாகவும் காணப்பட்டன. இதைக் கேட்டவுடன் மட்டையே அமிர்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மட்டை விளையாட்டு ஆடுவோர், பொதுவாக வசதியும் நலமும் உள்ளவர்களாக இருக்கலாம். வயது, புகைப்பழக்கம், கல்வி போன்றவற்றைக் கணக்கில் கொண்டே அறிஞர்கள் இம்முடிவைச் சொன்னார்கள் என்றாலும், இரண்டு ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. விஞ்ஞானம் பயிலும் நீங்கள் இந்த வேறுபாட்டை எப்போதும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி எச்சரிக்கைகள். முதலாவது, கண். சிறிய அறைக்குள் இருவர் மட்டை வீசுகிறார்கள். பந்து எத்திசையிலிருந்தும் வரும். ராக்கெட்பால் பந்து கண்குழியைவிடப் பெரிதாயிற்றே, கண்ணைத் தாக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். வேகமாக மோதும்போது ரப்பர்ப் பந்து நசுங்கிக் குழிக்குள் பிதுங்கிச் செல்லும். விழியின் உட்படலமே பிய்ந்துபோகலாம். ஆகவேதான் அமெரிக்காவில் முறையான போட்டிகளில், பாலிகார்பனேட் என்னும் உறுதியான பொருளால் ஆன கண்காப்பு அணியாமல் ஆட இடமில்லை. படிப்பதற்கு அணியும் சாதாரணக் கண்ணாடி காப்பாகாது. அது உடைந்தால் அதுவே ஆயுதமாகும். மட்டையின் கைப்பிடியில் உள்ள கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் நன்று. நழுவிய மட்டை எதிரியின் முகத்தைத் தேடிப் போகாதிருக்கவே அந்த ஏற்பாடு.

இரண்டாவது, திடீர்த் துணிவு. நெடுங்காலம் உழைப்பின்றி இருந்துவிட்டு ஒரு நாள் களத்தில் குதிப்பவரின் கணுக்காலும் குதிகால் நாணும் எளிதில் காயமடையும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இதயமே ஆபத்தில் சிக்கக்கூடும். உங்கள் தந்தையாரோ மாமாவோ உங்களோடு ஆட ஆர்வம் கொண்டால், முதலில் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்லுங்கள். யாராயினும், தொடங்குமுன் ஐந்து பத்து நிமிடங்கள் உடலைச் சூடேற்றிக்கொள்வதும், காற்றோட்டம் குறைந்த அறையில் இடையிடையே தண்ணீர் அருந்துவதும், மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே நிறுத்துவதும் கட்டாயம்.

ராக்கெட்பால் கூடம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லையே என்று நீங்கள் கேட்பது நியாயம். சென்னையில் அதன் உறவான ஸ்குவாஷுக்கு நல்ல கூடங்கள் உண்டு. 2011ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் அவ்விளையாட்டின் உலகக் கோப்பைப் போட்டிகள் அந்நகரில் நடைபெற்றன. பள்ளித் திடல்களில் பூப்பந்தும் இறகுப்பந்தும் இருக்கின்றன. அவை எவையும் இல்லையெனில், சன்னல் இல்லாத ஒரு நல்ல சுவரும், ஒரு பழைய மட்டையும், ஒரு ரப்பர்ப் பந்தும் போதும். ஓடி, நின்று, திரும்பி, வீசும் உழைப்பே பயன் தருவது. கூடத்தின் பெயர் பயன் தருவதன்று.

படிக்கவே நேரமில்லை, ஆடுவதற்கு நேரம் ஏது என்னும் முறையீட்டை மாணவர்களிடமிருந்து நான் பலமுறை கேட்கிறேன். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை. அதற்கு மேற்பட்ட வயதினர்க்கு வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடும் உழைப்புப் போதுமானது. அறுபது நிமிடம் என்பது ஒரு நாளின் இருபத்துநாலில் ஒரு பங்கு. கைப்பேசித் திரையிலிருந்து அதை மீட்டால் புத்தகத்துக்கு யாதொரு நட்டமும் இல்லை.

மருந்தைக் கசப்போடு விழுங்குகிறோம். நோய் தீர்ந்ததும் மறந்துவிடுகிறோம். விளையாட்டு அப்படியன்று. நேற்றுத் தோற்றவன் இன்று தானே மட்டையைத் தேடி வருகிறான். அந்த ஆர்வம் நாளை பழக்கமாகிறது. பழக்கம் இதயத்திலும் எலும்பிலும் போய்ச் சேர்ந்து சேமிப்பாகிறது. சேமிக்கும் பருவம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அது கடந்த பின் எந்தச் சுவரும் அதை உங்களுக்குத் திருப்பித் தராது.