வாங்குபவனைத் தண்டிக்கும் சட்டம்: பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

விபசாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருடைய மனக்கண்ணிலும் தோன்றுவது ஒரு பெண்ணின் உருவமே. 'விடுதி முற்றுகை, பெண்கள் கைது' என்று பத்திரிகையில் செய்தி வருகின்றது. முகத்தைத் துணியால் மூடியபடி பெண்கள் பொலிஸ் வாகனத்தில் ஏறும் படமும் கூடவே வருகின்றது. அங்கே பணத்துடன் வந்த ஆண்கள் எங்கே போனார்கள்? அந்தக் கேள்வி செய்தியில் இருப்பதில்லை. வாசிக்கும் எமக்கும் பெரும்பாலும் எழுவதில்லை.

சுவீடன் நாட்டுப் பெண்கள் அமைப்புக்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தன. அதன் பயனாக 1999 ஜனவரி 1ஆம் திகதி அந்நாட்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்துப் பாலுறவை வாங்குவது குற்றம், விற்பது குற்றமல்ல என்று அது கூறியது. உலகில் அதற்கு முன்னர் எந்த நாடும் இவ்வாறு சட்டம் இயற்றியதில்லை. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் சட்டத் தொகுதி ஒன்றின் பகுதியாகவே இது கொண்டுவரப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒழுக்கக்கேடு என்ற காரணத்துக்காக அல்ல, ஆணின் அதிகாரம் பெண்ணுடலின் மீது செலுத்தப்படுகின்றது என்ற காரணத்துக்காகவே அங்கு ஆண் தண்டிக்கப்பட்டான்.

பின்னர் 2009இல் நோர்வேயும் ஐஸ்லாந்தும், 2014இல் கனடாவும், 2015இல் வட அயர்லாந்தும், 2016இல் பிரான்ஸும், 2017இல் அயர்லாந்துக் குடியரசும் இதே வழியில் சென்றன. சென்ற இடமெல்லாம் சண்டையும் சென்றது. இந்தச் சண்டையைப் பெண்ணுரிமை பேசுவோருக்கும் பேசாதோருக்கும் இடையிலான ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கத்திலும் பெண்களே நிற்கின்றனர். ஒரு பக்கத்தினர் 'விபசாரத்தில் தள்ளப்பட்டவர்கள்' என்கின்றனர். மறுபக்கத்தினர் 'பாலியல் தொழிலாளர்கள்' என்கின்றனர். எந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றோம் என்பதிலேயே எந்தப் பக்கம் நிற்கின்றோம் என்பது தெரிந்துவிடும்.

பிரான்ஸில் நடந்தது

இந்த விவாதம் மிகவும் காரசாரமாக நடந்த நாடு பிரான்ஸ் எனலாம். எமது உறவினர் பலர் வாழும் நாடு என்பதால் அது எமக்கு முற்றிலும் அந்நியமான இடமுமல்ல.

அங்கு 2003ஆம் ஆண்டில், நிக்கொலா சார்க்கோசி உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஒரு கடுமையான சட்டம் வந்தது. தெருவில் ஒரு பெண் எவரையும் அழைக்க வேண்டியதில்லை. அவள் நின்ற விதமும் உடுத்திய விதமும் போதும், அவளை இரண்டு மாதம் சிறைக்கு அனுப்பலாம், 3,750 யூரோ தண்டப்பணமும் விதிக்கலாம். நின்றதற்கே தண்டனை! இதனால் பெண்கள் நகரத்தின் வெளிச்சத்தை விட்டுக் காட்டோரங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் தள்ளப்பட்டனர்.

இந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதில் பெண்கள் அமைப்புக்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அதன் இடத்தில் எதை வைப்பது என்பதிலேயே அவை பிரிந்தன. 2013இல் ஆளும் சோசலிசக் கட்சியின் பெண் உறுப்பினர்கள், வாங்கும் ஆணுக்குத் தண்டம் விதிக்கும் சட்டமூலத்தை முன்வைத்தனர். உடனே 343 ஆண்களின் பெயரால் ஒரு பிரகடனம் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். தாம் விரும்பியபடி விபசாரிகளிடம் போகும் உரிமையில் அரசு தலையிடக்கூடாது என்பதே அதன் சாரம். அந்த 343 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1971இல், கருக்கலைப்பு பிரான்ஸில் குற்றமாக இருந்த காலத்தில், தாமும் கருக்கலைப்புச் செய்துகொண்டதாக 343 பெண்கள் துணிந்து பெயர் போட்டு அறிவித்தனர். அந்தப் பெண்களின் துணிவை இந்த ஆண்கள் கேலிக்கு எடுத்துக்கொண்டனர். அன்றைய பெண்கள் உரிமை அமைச்சர் நஜாத் வலோ பெல்காசெம், அந்தப் பெண்கள் கேட்டது தமது உடலின் மீதான உரிமையை, இந்த ஆண்கள் கேட்பதோ பிறருடைய உடலின் மீதான உரிமையை என்று பதில் கூறினார். இதைவிடப் பொருத்தமான பதில் இருந்திருக்க முடியாது.

ஆயினும் சட்டத்தை எதிர்த்தவர்கள் அந்த ஆண்கள் மட்டுமல்லர். 2009இல் உருவான பாலியல் தொழிலாளர் சங்கம் வீதியில் இறங்கியது. எமது வருமானம் வாடிக்கையாளரிடமிருந்து வருகின்றது, அவரைத் துரத்தினால் எமது அடுப்பு எப்படி எரியும் என்று அதிலிருந்த பெண்களும் திருநங்கையரும் கேட்டனர். மறுபக்கத்தில், 22 ஆண்டுகள் விபசாரத்தில் இருந்து வெளியேறிய ரோசன் இஷேர் என்ற பெண், இந்தச் சட்டத்தை நிறைவேற்றக் கோரி 2014இல் நாட்டின் மேற்கிலுள்ள செந்த் நகரிலிருந்து பரிஸ் வரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் நடந்து வந்தார். இருவரும் தமது சொந்த வாழ்க்கையிலிருந்தே பேசினர். இவர்களில் ஒருவரைப் பொய்யர் என்று தள்ளிவிட்டு இந்த விடயத்தைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இரு பக்கத்திலும் இருந்தனர்.

செனற் சபை வாங்குபவரைத் தண்டிக்கும் பிரிவை நீக்கியது. தேசிய சபை அதனைத் திரும்பச் சேர்த்தது. இழுபறி இரண்டரை ஆண்டு நீடித்தது. இறுதியில் 2016 ஏப்ரல் 6ஆம் திகதி 64க்கு 12 என்ற வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. 577 உறுப்பினர்களைக் கொண்ட சபையில், இத்தனை பேசப்பட்ட விடயத்துக்கு வாக்களிக்க வந்தோர் நூறு பேர் கூட இல்லை.

சட்டத்தின் இரண்டு கைகள்

புதிய சட்டம் 2003இன் குற்றத்தை நீக்கியது. பெண் இனிக் குற்றவாளி இல்லை. வாங்கும் ஆணுக்கு முதற் தடவை 1,500 யூரோ வரையும், மறுபடி பிடிபட்டால் 3,750 யூரோ வரையும் தண்டப்பணம். முன்னர் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அதே தொகை இப்போது ஆணின் பக்கம் மாறியது.

இது ஒரு கை. மற்றக் கை, வெளியேற விரும்பும் பெண்ணுக்கு உதவி. இந்த இரண்டாவது கைதான் எம்மைப் போன்றவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது. விபசாரத்தை விட்டுவிட்ட பெண் ஓர் அமைப்பின் ஊடாக விண்ணப்பிக்கலாம். மாவட்ட மட்டத்தில் அரச அதிகாரியின் தலைமையில் ஒரு குழு கூடி முடிவு செய்யும். அனுமதி கிடைத்தால் ஆரம்பத்தில் மாதம் 330 யூரோ கொடுப்பனவு. வெளிநாட்டுப் பெண்ணாயின் ஆறு மாதத் தற்காலிக வதிவிட அனுமதி. இதனைப் புதுப்பிக்கலாம், ஆனால் மொத்தம் 24 மாதங்களுக்கு மேற்படாது.

330 யூரோ என்றால் எமது காசில் பெருந்தொகையாகத் தோன்றலாம். பிரான்ஸில் வருமானமற்ற தனியொருவருக்கு அரசு அக்காலத்தில் வழங்கிய அடிப்படை உதவியே 500 யூரோவுக்கு மேல். அதற்கும் குறைவான தொகையில், பரிஸ் போன்ற நகரில் ஓர் அறையின் வாடகையைக் கூடக் கட்ட முடியாது. நிவாரணம் எடுத்து வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. கொடுப்பனவு கிடைக்கும் முன்னரே தொழிலை விட்டிருக்க வேண்டும், குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அவள் எதைச் சாப்பிடுவாள் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. முதல் மூன்று ஆண்டுகளில் இந்த உதவித் திட்டத்துக்குள் வந்தோர் சில நூறு பேர் மட்டுமே. அந்நாட்டில் விபசாரத்தில் உள்ளோர் 30,000 முதல் 40,000 வரை என மதிப்பிடப்படும் நிலையில் இது எவ்வளவு சிறியது என்பது தெரியும்.

இதற்கிடையில் வாடிக்கையாளர் குறைந்தனர். குறைந்தபோது பேரம் பேசும் பலம் மிஞ்சியிருந்த ஆணின் கைக்குப் போயிற்று. பிடிபடுவது அவன்தான் என்பதால், ஆள் நடமாட்டமற்ற இடத்துக்கு வா என்று அவன் சொல்கின்றான். விலையைக் குறைக்கின்றான், ஆணுறை வேண்டாம் என்கின்றான். 'உலக மருத்துவர்கள்' என்ற மருத்துவ உதவி நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கேள்விக்கு விடையளித்தவர்களுள் 63 வீதமானோர் புதிய சட்டத்தின் பின் தமது வாழ்க்கை நிலை மோசமடைந்ததாகக் கூறினர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பரிஸ் நகரை அடுத்த புலோன் காட்டில் பெரு நாட்டிலிருந்து வந்த திருநங்கை ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இருட்டுக்குள் எம்மைத் தள்ளியது இந்தச் சட்டமே என்று அவரது தோழியர் ஊர்வலம் சென்றனர். கொலைக்குக் காரணம் சட்டமா என்று எவராலும் நிரூபிக்க முடியாது. காட்டோரத்துக்குப் பெண்கள் போனது 2003இன் சட்டத்தாலும்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

வீட்டுக் கதவு

சட்டப் புத்தகத்தில் குற்றமற்றவளாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைக்குமா? விபசாரத்தால் இன்னொருவர் இலாபமடைவதைத் தடுக்கும் சட்டம் இந்நாடுகளில் எல்லாம் உண்டு. இடைத்தரகனைப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்டது அது. ஆனால் அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுப்பவரையும் அது பிடிக்கும். நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் பொலிஸார் 2007 முதல் 2011 வரை நடத்திய நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'வீடற்றோர்' என்பதாகும். வீட்டு உரிமையாளரிடம் சென்று, இந்தப் பெண்ணை வெளியேற்றாவிட்டால் உங்கள் மீது வழக்கு என்று எச்சரித்தனர். சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் வெளியிட்ட அறிக்கையில், வன்முறைக்கு உள்ளாகிப் பொலிஸில் முறையிட்ட பெண்களே பின்னர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட சம்பவமும் பதிவாகியுள்ளது. இப்படி ஒன்று நடந்தால் அடுத்த பெண் முறைப்பாடு செய்யப் போவாளா?

சட்டத்தை ஆதரிப்போர் சுவீடனின் 2010ஆம் ஆண்டு அரச விசாரணை அறிக்கையைக் காட்டுவர். தெருவோர விபசாரம் பாதியாகக் குறைந்தது என்று அது கூறியது. எதிர்ப்போர், தடை தொடர்ந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் அந்த விசாரணையே நியமிக்கப்பட்டது, தெருவில் குறைந்தது தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இடம் மாறியிருக்கலாம் என்பர். வட அயர்லாந்தில் நீதித் திணைக்களத்துக்காக நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, வாங்குவோர் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. எனினும் சுவீடன் பின்வாங்கவில்லை. 2011இல் உச்ச தண்டனையை ஆறு மாதச் சிறையிலிருந்து ஓர் ஆண்டாக்கியது. 2025 ஜூலை முதல், இணையத்தின் ஊடாகப் பணம் கொடுத்து ஒருவரைப் பாலியல் செயலில் ஈடுபட வைப்பதையும் குற்றமாக்கியுள்ளது.

எமது நாட்டிலோ 1841ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அலைந்து திரிவோர் பற்றி இயற்றிய கட்டளைச் சட்டம்தான் இந்த விடயத்தில் இன்னும் பயன்படுகின்றது. பொது இடத்தில் பாலுறவுக்கு அழைக்கும் 'எந்த ஒருவரையும்' அது குற்றவாளியாக்குகின்றது. சொல்லில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. நடைமுறையில் அழைத்தவளாகக் கொள்ளப்படுவது பெண்ணே. கணவனை இழந்தவள், காணாமற் போனவனைத் தேடுபவள், இரவு நேர வேலைக்குப் போய் வருபவள் என்று தனித்து நடமாடும் எந்தப் பெண்ணுக்கும் இப்படிப்பட்ட சட்டத்தின் நிழல் என்னவென்று தெரியும். சுவீடன் மாதிரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னரே, நின்றதற்காகப் பெண்ணைப் பிடிக்கும் சட்டம் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதன் பின்னர் எது என்பதில் நியூசிலாந்து வேறொரு வழியைக் காட்டுகின்றது. 2003இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் 60க்கு 59 என்ற ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வாங்குவதையும் விற்பதையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. முன்னர் பாலியல் தொழிலில் இருந்தவரும் உலகின் முதலாவது திருநங்கைப் பாராளுமன்ற உறுப்பினருமான ஜோர்ஜினா பேயர் அன்று தமக்கு நேர்ந்த வன்முறையைச் சபையிலேயே எடுத்துரைத்தார். பெண்கள் தொழில் உரிமைகளைப் பெற்றனர், பொலிஸை அஞ்சாமல் அணுகவும் முடிந்தது. ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இத்தொழிலில் ஈடுபட்டால் நாடு கடத்தப்படலாம் என்கின்றது. ஆக, கடன்பட்டு வந்த ஏழைப் பெண் அங்கேயும் பொலிஸைக் கண்டு ஒளிகின்றாள்.

பிரான்ஸின் சட்டத்துக்கு எதிராகப் பல நாடுகளைச் சேர்ந்த 261 பேர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அவர்கள் எல்லோரும் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். தமது உயிருக்கும் உடல் நலத்துக்கும் அந்தரங்க வாழ்வுக்கும் இச்சட்டம் ஆபத்து என்பது அவர்களின் வாதம். 2024 ஜூலை 25ஆம் திகதி வெளிவந்த தீர்ப்பில், ஐரோப்பிய நாடுகளுக்கிடையே இந்த விடயத்தில் ஒருமித்த கருத்து இல்லை, எனவே பிரான்ஸ் தனது வழியைத் தெரிவு செய்யலாம், உரிமை மீறல் இல்லை என்று நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினர். கூடவே, எடுத்த வழியின் விளைவுகளை அந்நாட்டு அதிகாரிகள் தொடர்ந்து மீளாய்வு செய்து வர வேண்டும் என்றும் தெரிவித்தனர்.