நிலத்தை எழுதிய பெண்மணி
கணவர், மகன், உடல்நலம் என ஒவ்வொன்றாக இழந்தார் பாக் கியோங்-னி. ஆனால் 25 ஆண்டுகள் எழுதிய ஒரே நாவலில் ஒரு தேசத்தின் கதையை மீட்டுத் தந்தார்.

1975 பிப்ரவரி. சியோலில் ஒரு சிறை வாசல். ராணுவ ஆட்சியாளர் பாக் சுங்-ஹீயை எதிர்த்து மரண தண்டனை வரை போய்த் தப்பிய கவிஞர் கிம் ஜி-ஹா விடுதலையாகிறார். ஆரவாரிக்கும் கூட்டத்திலிருந்து விலகி, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி நிற்கிறார். கவிஞரின் மாமியார், நாவலாசிரியை பாக் கியோங்-னி. அடுத்த மாதமே மருமகன் மீண்டும் சிறைக்குள். 1980-ல்தான் வெளியே வந்தார்.

துயரம் அவருக்குப் புதிதல்ல. 1926-ல் தென்கடலோர ஊரான டோங்யோங்கில் பிறந்தவர். கொரியப் போர் கணவரைப் பறித்தது. சில ஆண்டுகளில் சிறுவனான மகனும் இறந்தான். 1969-ல் 'தோஜி' (நிலம்) தொடராக வரத் தொடங்கியது. 1971-ல் மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், மார்பில் கட்டுடனேயே எழுத உட்கார்ந்தார்.

சோம்ஜின் ஆற்றங்கரையில் உள்ள பியோங்சா-ரி கிராமத்தில் 1897-ல் கதை தொடங்குகிறது. நிலவுடைமைக் குடும்பத்தின் வாரிசான சிறுமி சோ-ஹுயியின் சொத்தைத் தூரத்து உறவினன் அபகரிக்கிறான். அவள் மஞ்சூரியாவுக்குப் போய், வணிகத்தில் பொருள் சேர்த்து, இழந்த நிலத்தை மீட்கிறாள். ஆனால் நாடே ஜப்பானியர் கையில். பண்ணையார், குடியானவர், புரட்சிக்காரர், துரோகி என 600-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்ட் 15-ல் நாவல் முடிகிறது. பாக் அதை எழுதி முடித்ததும் ஓர் ஆகஸ்ட் 15-ல்தான், 1994-ல்.

எழுத்தோடு நிற்கவில்லை. 1980-ல் வோன்ஜு நகருக்குக் குடிபெயர்ந்தவர், மண்ணைக் கொத்தி மிளகாயும் காய்கறியும் பயிரிட்டார். அங்கு 1999-ல் தோஜி பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. தங்கி எழுத வரும் எழுத்தாளர்களுக்குத் தன் தோட்டத்துக் காய்கறியைச் சமைத்துப் போட்டார். 2008-ல் மறைந்தார். அவர் பெயரிலான சர்வதேச விருது 2011 முதல் வழங்கப்படுகிறது. 2025-ல் அதைப் பெற்றவர் இந்திய எழுத்தாளர் அமிதவ் கோஷ்.

ஜப்பானிய ஆட்சியின் கொடுமையைச் சொல்லும் அந்த நாவலின் 20 தொகுதிகளும் 2024-ல் ஜப்பானிய மொழியிலேயே முழுமையாக வெளிவந்துவிட்டன. பியோங்சா-ரியிலோ, சோ-ஹுயியின் வீடு இப்போது நிஜமாகவே நிற்கிறது. நாவலைப் படித்துவிட்டுக் கட்டிய வீடு அது. இல்லாத குடும்பத்தின் முற்றத்தைப் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது.