‘மந்தநிலை’ என்று நிர்வாகம் சொல்லும்போது

ஆலை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது பெரும்பாலும் ஒரே வாசகத்தையே சொல்கின்றனர்: “ஸ்லோடவுன் முடியட்டும், கூப்பிடுகிறோம் என்றார்கள்.” எழுத்தில் எதுவும் தரப்பட்டிருக்காது.

ஒரு துறையின் விற்பனையும் உற்பத்தியும் தொடர்ந்து சரிவதே தொழில் மந்தநிலை. நாட்டின் மொத்த உற்பத்தியே அடுத்தடுத்த இரு காலாண்டுகளில் சுருங்கினால் அதனை ‘ரிசஷன்’ என்பர். 2020-21இன் முதல் இரு காலாண்டுகளில் இந்தியாவில் நிகழ்ந்தது அது. 2019இல் வாகனத் துறை சரிந்தபோது நாட்டின் பொருளாதாரம் சுருங்கவில்லை, வளர்ச்சி வேகமே குறைந்தது. அப்போது தமிழ்நாட்டு ஆலைகள் சில ‘நான்-ஒர்க்கிங் டே’ அறிவித்தன. நாளையே வேலையற்றதாக்கிவிட்டால், வேலையை மறுத்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.

சட்டம் அக்கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ‘லே-ஆஃப்’ என்பதை, பெயர்ப் பதிவேட்டில் உள்ள தொழிலாளிக்கு வேலை தர முதலாளி தவறுதல், மறுத்தல் அல்லது இயலாமை என வரையறுத்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர் ஆகியவை அதற்குரிய காரணங்கள். மந்தநிலை என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. சரக்குத் தேக்கம் என்ற வழியாகவே அது உள்ளே வர முடியும். வந்தால் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தந்தாக வேண்டும். ஆலையை மூடும்போதும் நட்டமோ விற்காத சரக்கோ மட்டும் ‘தவிர்க்க இயலாத சூழல்’ ஆகாது எனச் சட்டம் தெளிவாகவே சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இவற்றைப் பெரிதும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் லே-ஆஃபுக்கு அரசின் முன்அனுமதி கட்டாயம் என்ற விதியை 100 தொழிலாளர் கொண்ட ஆலைகளிலிருந்து 300 பேர் கொண்டவற்றுக்கு நகர்த்திவிட்டது.

சிக்கல் ‘பதிவேடு’ என்ற சொல்லில் இருக்கிறது. தற்செயல் தொழிலாளிக்கும் பதிலித் தொழிலாளிக்கும் இவ்விழப்பீடு இல்லை. 50 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கும் பருவகாலத் தொழில்களுக்கும் இல்லை. தற்செயல் கூலி வேலையில் பட்டியல் சாதியினரின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதி என்பதை அரசின் உழைப்புப் படைக் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன. சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சட்டம் அவர்களை வெளியே நிறுத்துகிறது.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. ஓராண்டு தொடர்பணி முடித்த பதிலித் தொழிலாளி, இழப்பீட்டு நோக்கில் பதிலி அல்லர். ஓராண்டு என்பது 12 மாதங்களில் 240 நாட்கள். ஊதியத்துடன் கூடிய வார விடுமுறைகளும் அதில் சேரும் என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்களை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. எனவே என்னிடம் வருவோரிடம் நான் முதலில் கேட்பது வருங்கால வைப்புநிதிக் கணக்கு விவரம், ஈஎஸ்ஐ எண், நுழைவு அட்டை, ஊதியம் வரவான வங்கிப் புத்தகம் ஆகியவற்றை. ஒப்பந்ததாரர் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும், எல்லா நகல்களையும் வாயிலில் நிறுத்தப்படும் நாளுக்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.