காபி குடிக்காத பக்கத்து வீடு

கானாவின் அக்ராவில் எங்கள் காம்பவுண்டுக்குள் மூன்று வீடுகள். நடுவில் நாங்கள். இடப்பக்கத்து வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான தம்பதி குடிவந்த அன்று, ஊர் வழக்கப்படி டவரா டம்ளரில் காபி கொண்டுபோய் நின்றேன். வள்ளியூரிலிருந்து வந்த பொடி, அப்போதுதான் இறங்கிய டிகாஷன். அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வாசனை அருமையாக இருக்கிறது. ஆனால் நாங்கள் காபி குடிப்பதில்லை" என்றார். சரி, டீ போடட்டுமா என்றேன். அதுவும் கிடையாதாம். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்த காபியை வேண்டாமென்றால் பழைய பகை ஏதோ இருக்கிறது என்று பொருள். இரண்டு டம்ளரையும் திரும்பக் கொண்டுவந்து நானே குடித்தேன்.

வாட்ச்மேன்தான் விவரம் சொன்னார். உலகம் மார்மன் என்று அழைக்கிற சபையைச் சேர்ந்தவர்கள். முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையிடம் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. காபி, டீ, மது, புகையிலை நான்கும் வேண்டாம் என்ற 1833ஆம் ஆண்டு அறிவுரையைப் பின்பற்றுகிறவர்கள். மறுநாள் பாலில் மைலோ கலக்கிக் கொண்டுபோனேன். கானா கோகோ விளைகிற நாடு, மைலோ இல்லாத வீடு இங்கே அபூர்வம். இரண்டு பேரும் சொட்டு விடாமல் குடித்தார்கள். அன்றிலிருந்து பழக்கம்.

இரண்டு பேர் நெஞ்சிலும் வெள்ளை எழுத்தில் பெயர் பொறித்த கறுப்பு வில்லை. அவர் 'எல்டர்', அவர் மனைவி 'சிஸ்டர்'. எல்டர் என்றால் மூத்தவர் அல்லவா, 68 வயதுக்குப் பொருத்தந்தான் என்று நினைத்தேன். பிறகு மீசை அரும்பாத ஒரு பையன் வந்தான், அவன் வில்லையிலும் எல்டர்! அந்தச் சபையில் 18 வயதில் ஊழியத்துக்குக் கிளம்புகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் எல்டர்தான். பையன்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. கதவு தட்டிப் போதனை செய்வது அவர்கள் வேலை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிய தம்பதிகள் தனி வகை. எந்த நாட்டுக்கு என்று சால்ட் லேக் சிட்டியிலிருந்து அழைப்பு வரும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வந்தது கானா, 18 மாதம்.

மிஷனரி என்றதும் எனக்கு இடையன்குடிதான் நினைவுக்கு வரும். சிறு வயதில் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கால்டுவெல் கட்டிய கோயிலைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர் 1838இல் மதராசில் இறங்கியபோது 23 வயது; திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்ந்து, தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, கடைசியில் அந்த மண்ணிலேயே அடங்கினார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஆயுளைக் கொடுத்தவர்கள் அவர்கள். இவர்கள் ஆயுளையெல்லாம் ஐடஹோவில் ஒரு சின்ன ஊரில் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றரை வருஷத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதுவும் கைக்காசில். சம்பளம் கிடையாது; வாடகை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பென்ஷனிலிருந்து. அதற்காக எல்டர் தன் பழைய பிக்கப் வண்டியை விற்றார். ஆறு பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சாதாரணமாக இருப்பவர், வண்டியைப் பற்றிப் பேசினால் குரல் இறங்கிவிடும்.

அவர் ஊர்க் குடிநீர் விநியோகத்தில் வேலை பார்த்தவர், அந்த அம்மாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இங்கே கிடைத்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இளம் மிஷனரிகள் தங்கியிருக்கும் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது. குழாய் ஒழுகினால் எல்டர். வாடகை, கரண்ட் பில், தண்ணீர் லாரிக் கணக்கு என்றால் சிஸ்டர். கானாவில் வாடகை முன்பணம் ஆறு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1963இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் அக்ராவில் வீட்டுக்காரர் கேட்பது இரண்டு வருஷம். குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற அழகை நான் மதில் மேலிருந்து ரசித்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை மதீனா சந்தைக்கு அவர்கள் காரில் போனேன். போகிற வழியில் 'இன்ஸ்பெக்ஷன்' ஒன்று இருக்கிறது என்றார்கள். மாடி வீடு, நான்கு பையன்கள்: இரண்டு நைஜீரியா, ஒன்று சியரா லியோன், ஒன்று யூட்டா. நான்கு பேரும் வெள்ளைச் சட்டையும் டையுமாக, பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் நின்றார்கள். சிஸ்டர் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்தார். பிறகு அடுப்புத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் மாமியார் இருந்தால் ஜோடி சேர்ந்திருப்பார். எல்டர் தண்ணீர் ஃபில்டரைக் கழற்றி, கேண்டிலை எடுத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷால் பழுப்புப் படலம் போகிற வரை தேய்த்துக் காட்டி, "இதை விட்டீர்களானால் வயிறு சொல்லும்" என்றார். சிஸ்டர் கட்டில் கட்டிலாகக் கொசுவலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இங்கே மலேரியா விளையாட்டில்லை. யூட்டாப் பையனின் வலையில் விரல் நுழைகிற ஓட்டை. கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். அந்தப் பையன் பக்கத்தில் நின்றபடி, வீட்டை விட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று மெதுவாகச் சொன்னான். அவர் தைப்பதை நிறுத்தவில்லை, "இன்னும் பக்கத்தில் வா" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது மதிப்பெண் தாளோடு வாழைப்பழ கேக் ஒன்றையும் மேசையில் வைத்தார். பத்துக்கு ஆறு போட்டிருந்தார், கேக் முழுசு.

அன்றே சந்தையில் தக்காளிக்காரியிடம் இடது கையால் பணத்தை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார் சிஸ்டர். நம் ஊரைப் போலவே இங்கும் இடது கை ஆகாது. அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"மதம் மாற்ற வந்தவர்கள்தானே அக்கா?" என்று என் தம்பி போனில் கேட்டான். ஆமாம், அதை மழுப்ப ஒன்றுமில்லை. கதவு தட்டுகிற பையன்களுக்குக் கூரையும் குடிதண்ணீரும் இவர்கள் பார்க்காவிட்டால் அந்த வேலை நடக்காது. என்னிடம் ஒரு முறை அவர்கள் வேதப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முருகன் இருக்கிறார் என்றேன். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தச் சபையின் கதையே வயதான தம்பதிகளிடமிருந்துதான் தொடங்குகிறது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற பழைய தடையை 1978 ஜூனில்தான் நீக்கினார்கள். அதற்கும் பல ஆண்டு முன்பே கானாவிலும் நைஜீரியாவிலும் சபையின் வேதப் புத்தகத்தைப் படித்துத் தாங்களாகவே கூடிக்கொண்டிருந்தவர்கள், எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்று எழுதிக்கொண்டேயிருந்தார்கள். 1978 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து இறங்கியவர்கள் மேபி தம்பதி, கேனன் தம்பதி. 1989 ஜூனில் கானா அரசு இந்தச் சபையை முடக்கியது. 1990 நவம்பரில் திரும்ப அனுமதித்தது. அக்ராவில் இவர்களின் பெரிய கோயில் திறந்தது 2004 ஜனவரியில். அந்தக் குருத்துவத் தடையை அவ்வளவு காலம் வைத்திருந்ததை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று எல்டரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "எனக்கும் அது உறுத்தும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பொழுது விடிவதற்குள் இரண்டு பேரும் நடைக்குக் கிளம்பிவிடுவார்கள். காரில் ஏறினால் சண்டை. அவர் ஓட்டுவார், அம்மாள் போனைப் பிடித்து வழி சொல்வார், ட்ரோட்ரோ வேன் குறுக்கே வரும், வழி தவறும். 42 வருஷத்தில் இப்படி நாள் முழுக்க ஒன்றாக இருந்ததே இல்லை என்று சிஸ்டர் ஒரு நாள் சொன்னார்; புகாரா, பெருமையா, எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் ரிட்டையர் ஆன ஆணுக்கு ஈஸி சேரும் தினசரியும் உண்டு, பெண்ணுக்கு ரிட்டையர்மெண்டே இல்லை. இங்கேயும் ராத்திரிச் சமையல் சிஸ்டர்தான். அதை நான் கவனிக்காமல் இல்லை.

ஜனவரியில், ஹர்மட்டான் காற்றின் தூசி வானத்தை மூடியிருந்த ஒரு நாள், எல்டரின் அண்ணன் இறந்த செய்தி வந்தது. அடக்கம் அங்கே காலை 11 மணிக்கு, இங்கே மாலை 6. லேப்டாப்பில் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குச் சரியாக அந்த நேரம் 'டம்சோர்'. கரண்ட் போவதும் வருவதுமாக இருப்பதற்கு இங்குள்ளவர்கள் வைத்த பெயர் அது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. எல்டர் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்றார். எங்கள் ஹாலில் உட்கார்ந்து, பனி மூடிய ஒரு கல்லறைத் தோட்டத்தைத் திரையில் பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் ஓர் இடம் தன்னுடையது என்றார். ஊருக்குப் போகவில்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "பையன்கள் வீடு இரண்டில் தண்ணீர் வரவில்லை" என்றார் எல்டர். அது சரியான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, இன்னமும் தோன்றவில்லை. அடுப்படியில் பாலைச் சுட வைத்துவிட்டு, துட்டிக்கு வந்தவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்டில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். இப்போது அந்த வீட்டில் வேறொரு தம்பதி. சென்னையிலும் பெங்களூரிலும்கூட இந்தச் சபை இருக்கிறது. கறுப்பு வில்லையோடு வயதான வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் உங்கள் தெருவுக்குக் குடிவந்தால் காபி போட்டு ஏமாறாதீர்கள். மோர் கொடுங்கள். வீட்டில் குழாய் ஒழுகினால் தயங்காமல் சொல்லுங்கள்.