துவாரகையிலிருந்து வந்தவர்களா வேளிர்?

பாட்டு சொல்லும் இடப்பெயர்வுக்கு மண் சாட்சி சொல்கிறதா?

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூரை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தில் தமிழ்க் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் அவை பதிவாகியுள்ளன. சோழர் ஆட்சியோடு தமிழும் இந்த மேட்டு நிலத்துக்கு ஏறி வந்ததற்கு இந்தக் கற்களே சாட்சி.

அதைவிடப் பழைய ஓர் இடப்பெயர்வைப் பற்றியும் தமிழ் இலக்கியம் பேசுகிறது. அதற்குச் சாட்சி உண்டா?

புறநானூற்றின் 201ஆம் பாட்டில் கபிலர், பாரி மகளிரை மணந்துகொள்ளுமாறு இருங்கோவேளிடம் வேண்டுகிறார். அப்போது அவன் குலப் பெருமையையும் சொல்கிறார்: வடபுலத்து முனிவன் ஒருவனிடம் தோன்றி, துவரையை ஆண்டு, 49 தலைமுறை வந்த வேளிர் வழியினன். பதினான்காம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கதையை விரிக்கிறார். அகத்தியர் துவராபதிக்குப் போய், பதினெண்குடி வேளிரையும் பிறரையும் தெற்கே அழைத்து வந்து, காடு கெடுத்து நாடாக்கினாராம்.

இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. கபிலர் பாட்டில் அகத்தியர் பெயரும் இல்லை, பதினெட்டு என்ற எண்ணும் இல்லை, பயணமும் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே ஆதாரமாக அடுக்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில், துவரை எது? குஜராத் துவாரகை என்பர் பலர். கர்நாடகத்தின் துவாரசமுத்திரம், அதாவது இன்றைய ஹளேபீடு, என்பர் சிலர். ஆனால் துவாரசமுத்திரம் புகழ்பெற்றது ஹொய்சளர் காலத்தில். சங்க காலத்துக்கு அது மிகப் பிந்தியது.

துவாரகையிலும் சிக்கல் தீரவில்லை. 1983 முதல் எஸ்.ஆர். ராவ் தலைமையில் கடலடி ஆய்வு நடந்தது. மகாபாரதம் கூறும் மூழ்கிய நகரம் கிடைத்துவிட்டது என்றார் அவர். அங்கு கிடைத்த கல் நங்கூரங்கள் பல மிகப் பிற்காலத்தவை என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டனர். அருகிலுள்ள பேட் துவாரகா தீவில் மூன்று தலை விலங்கு பொறித்த சங்கு முத்திரை கிடைத்தது. பிற்கால ஹரப்பா மக்கள் அங்கு வாழ்ந்ததற்கு அது வலுவான சான்று. ஆனால் அவர்கள் தெற்கே வந்தார்கள் என்று முத்திரை சொல்லவில்லை. 2025இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அங்கே கடலில் இறங்கியது.

காலக் கணக்கு? தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 49 தலைமுறைக்கு 1,225 ஆண்டு. கபிலரை கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் வைத்தால் கணக்கு கி.மு. 1100 வாக்கில் போய் நிற்கிறது. ஆனால் ஏழேழு நாற்பத்தொன்பது. பாட்டி கதையின் ஏழு கடல், ஏழு மலை போல இது மரபான எண்ணாகவும் இருக்கலாம்.

வேளிரே இரும்பைத் தெற்கே கொண்டுவந்தார்கள் என்று சொல்வோருக்கு ஆனேக்கல்லின் பக்கத்து மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. சிவகளைக்கு 2025இல் வெளியான தேதி கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக்கே போகிறது. கி.மு. 1100இல் வந்தவர்கள் இதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

ஐராவதம் மகாதேவன் வேறு கோணத்தில் பார்த்தார். சிந்துவெளித் திராவிடர் தெற்கு நோக்கி நகர்ந்த நினைவே அகத்தியர் கதை என்பது அவர் கருத்து. கவர்ச்சியான ஊகம், சிந்து எழுத்து ஐயமறப் படிக்கப்படும்வரை ஊகமே.

இந்தச் சங்கடம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ஆறு லட்சம் ஆடவர் எகிப்திலிருந்து புறப்பட்டதாக பைபிளின் யாத்திராகமம் சொல்கிறது. சினாய் பாலைவனத்தில் அத்தனை பேர் தங்கிய தடயம் கிடைக்கவில்லை. கி.மு. 1208 வாக்கில் எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு இஸ்ரேல் என்ற மக்களைக் கானான் நாட்டில் குறிப்பிடுகிறது. மக்கள் அங்கு இருந்தது உறுதி. எப்படி வந்தார்கள் என்பது உறுதியில்லை.

வேளிருக்கும் அதே தீர்ப்புதான். அவர்கள் ஆண்டது வரலாறு. தம் மூதாதையர் துவரையிலிருந்து வந்தவர்கள் என்று நம்பியதும் வரலாறு. வந்த வழி மட்டும் இன்னும் பாட்டிலேயே இருக்கிறது. ஆனேக்கல் கற்களைப் போல ஒரு சாட்சி கிடைக்கும்வரை, அதை வைத்து யார் மூத்தகுடி என்று வழக்காடாமல் இருப்பது நல்லது.