ஓட்டம் ஓய்ந்த பின்

நன்றியுணர்வுக்கு நாயை எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் நாட்டு வழக்கு. உண்ட சோற்றை அது என்றும் மறவாது என்பர். அந்நாயினிடம் வேலை கொண்ட மனிதன் அதன் உழைப்பை மறவாதிருக்கின்றானா? இவ்வினாவிற்கு விடை காணக் கிரேஹவுண்டு என்னும் பந்தய நாயின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

கிரேஹவுண்டு மிகப் பழைமையான வேட்டை நாயினம். மெலிந்த உடலும், நீண்ட கால்களும், ஆழ்ந்த மார்பும், சிறுத்த இடையும் உடையது. மோப்பத்தினும் கண்பார்வையையே மிகுதியாக நம்பி இரையைத் துரத்துவது. மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் விரைவில் ஓடவல்லது. இவ்விரைவே அதற்குப் பெருமையும் ஆயிற்று, துன்பமும் ஆயிற்று. இயந்திரத்தால் இயங்கும் பொய்ம்முயலை முன்னே ஓடவிட்டு, அதன் பின்னே நாய்களை ஓடச்செய்யும் பந்தயம் இன்றைய வடிவில் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1926-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும், மான்செஸ்டர் நகரத்துப் பெல்வியூ திடலில் அது தொடங்கிற்று. மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டு களித்தனர்.

கிரேஹவுண்டின் வாழ்நாள் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பந்தயத்தில் ஓடும் காலமோ இரண்டு மூன்று ஆண்டுகளே. காலில் அடிபட்டாலோ, விரைவு குறைந்தாலோ ஓட்டம் முடிந்துவிடும். எஞ்சிய நாள்களில் அதனைக் காப்பவர் யார்? காப்பாரின்றி உயிரிழந்த நாய்கள் பல. இந்நிலையை மாற்ற, ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்கு வீடு தேடித்தரும் அறக்கட்டளை ஒன்று 1975-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நிறுவப்பெற்றது. பிற நாடுகளிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மக்கள் 2018-ஆம் ஆண்டில் இப்பந்தயத்தைத் தடைசெய்ய வாக்களித்தனர். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குப் பந்தயம் முடிவுற்றது. அப்போது ஓய்வுபெற்ற நாய்களுக்கு இல்லம் தேடித்தரும் பணியில் இக்குழுக்கள் முன்னின்றன.

இக்குழுக்களில் தொண்டாற்றுவோருள் பலர், தம் வீட்டிலும் கிரேஹவுண்டு வளர்ப்பவரே. இப்பணிக்கு இரக்கம் மட்டும் போதாது. அவ்வினத்தின் இயல்பை அறிந்திருத்தலும் வேண்டும். கொட்டிலிலேயே வளர்ந்த பந்தய நாய் மாடிப்படியைக் கண்டிராது. கண்ணாடிக் கதவை வெற்றிடமென எண்ணி மோதிக்கொள்ளும். முன்பே இந்நாயை வளர்த்தவர், கதவில் காகிதத் துண்டு ஒட்டுமாறும், ஒவ்வொரு படியாக ஏறப் பழக்குமாறும் புதியவர்க்குக் கற்பிப்பர். பூனையைக் கண்டால் அது பாயக்கூடுமாதலால், வெளியே செல்லும்போது கயிற்றை விடலாகாது என்பர். உடலில் கொழுப்பு மிகக் குறைவாதலால் குளிர்காலத்தில் அதற்குப் போர்வை வேண்டும். சில மயக்க மருந்துகளின் விளைவு இவ்வினத்தில் நெடுநேரம் நீடிக்கும். இதனைக் கால்நடை மருத்துவரிடம் நினைவூட்டுமாறும் கூறுவர்.

நாயைக் கேட்டவர்க்கெல்லாம் இவர்கள் உடனே கொடுத்துவிடுவதில்லை. வீட்டின் வேலி எத்தகையது, குழந்தைகள் உளரா, பூனை உண்டா, பகலில் யார் இருப்பர் என்றெல்லாம் கேட்டறிவர். அதுவரை நாய் ஒரு தொண்டரின் இல்லத்தில் தங்கி, வீட்டு வாழ்க்கையைப் பழகும். தக்க இல்லம் அமைந்த பின்னரும் உறவு அறுவதில்லை. ஐயம் எழுந்தால் அறிவுரை கூறுவர். ஒன்றுகூடி நாய்களுடன் உலாவச் செல்வர். வளர்க்க இயலாமற் போனால் நாயைத் தம்மிடமே திரும்ப ஒப்படைத்தல் வேண்டும் என்று முன்னரே உறுதி பெறுவர்.

அவ்வாறு திரும்ப ஒப்படைப்பவரை அவர்கள் இகழ்வதில்லை. நோய், முதுமை, வறுமை, இடமாற்றம் எவர்க்கும் நேரலாம். பழிச்சொல்லுக்கு அஞ்சுபவன், இருளில் நாயைத் தெருவோரம் கட்டிவிட்டு மறைந்துபோவான். பரிவை எதிர்பார்ப்பவனோ பகலில் வந்து உண்மையைச் சொல்வான். நாயின் பழக்கங்களையும், நோய்களையும், அச்சங்களையும் மறையாது கூறுவான். அக்குறிப்புகளே அடுத்த இல்லத்தில் அதன் வாழ்வுக்குத் துணையாகும். சில வேளைகளில் மருத்துவச் செலவுக்குச் சிறிது உதவினாலே போதும். நாய் தன் வீட்டை விட்டுப் பிரியவேண்டிய தேவையே எழாது. கைவிடுதல் வேறு, கையளித்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே அன்னாரின் சிறப்பு.

கண்பார்வையால் வேட்டையாடும் நாய்கள் நம் நாட்டிலும் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் அவ்வகையினவே. அவற்றின் விரைவையும் அழகையும் கூறி நாம் பெருமைப்படுகின்றோம். ஓர் இனத்தின் பெருமையில் பங்கு கொள்வோர், அதன் முதுமையிலும் நோயிலும் பங்கு கொள்ளுதல் கடமையன்றோ? நாய் நன்றி மறவாதது என்று கூறும் நாமும் நன்றி மறவாதிருத்தல் வேண்டும்.