சட்டத்தில் இல்லாத வெட்டு

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவுச் சட்டத்தை எத்தனை முறை புரட்டினாலும் ‘மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுச் சேவை குறைக்கப்படும்’ என்று ஒரு வரி கிடைக்காது. ஆனாலும் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் குடும்பங்கள் கலங்கிப்போயிருக்கின்றன. காரணம், மெடிக்கெய்ட் திட்டம் கட்டப்பட்ட விதம்.

1965இல் தொடங்கிய மெடிக்கெய்டை ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு என்றே பலரும் அறிவார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கோ அன்றாட வாழ்க்கையே அதை நம்பித்தான் ஓடுகிறது. காலையில் வீட்டுக்கு வந்து, குளிக்க உதவி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, வேலைக்குப் போக பஸ் ஏற்றிவிடுகிறாரே பராமரிப்பாளர், அவருடைய சம்பளம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. தனியார் காப்பீடு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அரிது. செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு ஏற்கிறது. மீதி மாநிலத்தின் பொறுப்பு.

சிக்கல் இங்கேதான். தகுதியுள்ள ஒருவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தால் மாநிலம் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அதே ஆளுக்கு வீட்டில் தரும் உதவிகளில் பெரும்பகுதி ‘விரும்பினால் தரலாம்’ என்ற பட்டியலில் இருக்கிறது. இத்தனை பேருக்குத்தான் என்று மாநிலம் வரம்பும் வைத்துக்கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியல்களில் 2024இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நின்றது இதனால்தான். அவர்களில் பெரும்பாலோர் அறிவுசார், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்.

வீட்டுச் சேவைக்கு வழி பிறந்த கதை ஒரு சிறுமியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அயோவா மாநிலத்தின் கேட்டி பெக்கெட்டுக்கு மூளை அழற்சியால் சுவாசக் கருவி தேவைப்பட்டது. மருத்துவமனையில் இருந்தால் அரசு செலவு செய்யும். வீட்டுக்குப் போனால், செலவு பல மடங்கு குறைந்தாலும், பணம் நின்றுவிடும். 1981இல் அதிபர் ரீகன் இந்தக் கூத்தைச் செய்தியாளர்களிடம் சொல்லிக்காட்டினார். விதியைத் தளர்த்தி மாநிலங்கள் வீட்டிலேயே சேவை தர வழிசெய்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 1999இல் ஓம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: தேவையின்றி ஒருவரைக் காப்பகத்தில் அடைத்துவைப்பது பாகுபாடு. ஆனால் மாநிலத்திடம் இருக்கும் நிதியையும் கணக்கில் கொள்ளலாம் என்று அந்தத் தீர்ப்பே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பணமில்லை என்று கைவிரிப்பவர்களுக்கு அது வசதி.

புதிய சட்டத்தால் பத்தாண்டுகளில் மத்திய அரசின் மெடிக்கெய்ட் செலவு சுமார் 90,000 கோடி டாலர் குறையும் என்பது நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. மாநிலங்கள் தங்கள் பங்கைத் திரட்டப் பயன்படுத்திவந்த, மருத்துவமனைகள் உள்ளிட்ட சேவை நிறுவனங்கள் மீதான வரிக்கும் கடிவாளம் விழுகிறது. காப்பீடு பெற வேலை செய்ய வேண்டும் என்ற புதிய நிபந்தனையிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டே என்கிறார்கள் ஆதரவாளர்கள். உண்மைதான். ஆனால் மாநிலக் கஜானா வற்றும்போது நிதித்துறை முதலில் கை வைப்பது கட்டாயமில்லாத செலவில்தானே?

அதுவும் நேரடியாக நடப்பதில்லை. சேவை நிறுவனங்களுக்குத் தரும் கட்டணத்தைச் சில சதவீதம் குறைத்தால் போதும். துரித உணவகத்தில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் பராமரிப்பாளர் கிளம்பிவிடுவார். மகனுக்கு வாரம் 40 மணி நேர உதவி என்று காகிதத்தில் அப்படியே இருக்கும். கதவைத் தட்ட ஆள் இருக்காது. அம்மா வேலையை விடுவார். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ‘வெட்டு’ என்று பதிவாகாது.

ஆகவே உரிமை அமைப்புகள் பழைய நிலை நீடித்தால் போதும் என்று கேட்பதோடு நிற்கவில்லை. இல்லத்தில் சேர்ப்பதைப் போலவே வீட்டுச் சேவையையும் கட்டாயமாக்குங்கள் என்கின்றன. நியாயமான கோரிக்கை, இன்றைய நாடாளுமன்றத்தில் அது நிறைவேறுவது கடினம். அதனால் சண்டை மாநிலத் தலைநகரங்களுக்கு நகர்ந்திருக்கிறது. மாநில நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஐடஹோ 2025 செப்டம்பரிலேயே மெடிக்கெய்ட் கட்டணங்களை 4 சதவீதம் குறைத்துவிட்டது. மத்திய வெட்டுகளில் பெரியவை இனிமேல்தான் வரவிருக்கின்றன.